ஸ்டிக்கருக்கு அடியில்

குளியலறை மக்கின் கைப்பிடியில் ஐந்து நாளாக ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பொட்டு வெள்ளைப் பசையை அவள் நகத்தால் தொட்டாள். சுரண்டக்கூட இல்லை. தொட்டதுமே அது முழுசாக, பாலாடை மாதிரி, விரலோடு வந்துவிட்டது. மக்கில் தழும்புகூட இல்லை.

பல் தேய்க்க வந்தவள் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே நின்றாள். 

அதே பசையைத்தான் அவள் அப்பாவின் கயாக்கில், ஒற்றை ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற அந்தச் சின்னப் படகில், போட்டிருந்தாள்.

மக்கும் பிளாஸ்டிக், கயாக்கும் பிளாஸ்டிக். வாயைக் கொப்பளித்துவிட்டு ஓடிப்போய் போனில் தேடினாள். சந்தேகத்துக்கு இடமே வைக்காமல் பத்துப் பேர் எழுதியிருந்தார்கள்: கயாக் செய்கிற அந்த வகைப் பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் நிற்காது. நிற்பதுபோல நடிக்கும். தண்ணீர் அழுத்தினால் கழன்றுவிடும்.

மணி பதினொன்றே முக்கால். அப்பா ஒன்பது மணிக்கே படுத்துவிட்டார். காலை ஐந்து மணிக்கு ஏரிக்குப் போக வேண்டும். எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவை.

அப்பா முடிதிருத்துகிறவர். இருபத்திரண்டு வருஷம் கையைத் தோளுக்கு மேலே தூக்கியே வேலை பார்த்ததில் வலது தோள் ஒருநாள் இறுகிக்கொண்டது. கத்தரிக்கோல் பிடிக்கிற அளவுக்கு எப்படியோ கை வந்துவிட்டது. ஆனால் துடுப்பைத் தொடக்கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கடைக்கு லீவு விடுகிற ஒரே நாளில் அந்த மஞ்சள் கயாக்கை எடுத்துக்கொண்டு நடு ஏரிக்குப் போய் மீன் பிடிப்பதுதான் அவருக்கு இருந்த ஒரே ஆசை. பிடித்ததில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு வருவார். அதற்கும் பூட்டு விழுந்தபின் மனிதர் வாடிப்போனார். கடையில் வாய் ஓயாமல் பேசுகிறவர், "அடுத்து" என்பதைத் தவிர ஒன்றும் பேசுவதில்லை என்று வாடிக்கையாளர்களே அம்மாவிடம் வந்து முறையிட்டார்கள். கயாக் வீட்டுப் பின்பக்க ஷெட்டில் கிடந்தது. அம்மா அதன்மேல் போர்வை காயப்போட்டாள்.

ஊரை விட்டுப் போகிற வாடிக்கையாளர் ஒருவர், "உங்களுக்கு உதவும், வெச்சுக்கோங்க" என்று ஒரு சின்ன எலெக்ட்ரிக் மோட்டாரைக் கொடுத்துவிட்டுப் போனபோதுதான் அப்பாவின் முகத்தில் மறுபடி வெளிச்சம் வந்தது. முழங்கை நீளம், கீழே மூன்று இதழில் ஒரு விசிறி. கயாக்கின் பின்னால் மாட்டி, பேட்டரியில் கம்பியைச் செருகினால் போதும், படகு தானே போகும்.

"கொண்டா, என் கடையில வெச்சு மாட்டித் தரேன்" என்றார் அப்பாவின் சிநேகிதர். வண்டி மெக்கானிக். ஊரே அவரை ஸ்பேனர் என்றுதான் கூப்பிடும். அவரிடமும் ஒரு கயாக் உண்டு. இரண்டு பேரும் சேர்ந்துதான் ஏரிக்குப் போவார்கள்.

"வேணாம் மாப்ள. என் பொண்ணு மாட்டுவா" என்றார் அப்பா.

"பத்தாவது படிக்கிற பிள்ளை கையில டிரில்லைக் குடுப்பியா?"

"உன் கையிலயே குடுக்கிறாங்க, அவ கையில குடுத்தா என்ன?"

ஸ்பேனர் மாமா சிரித்துவிட்டார். அவளுக்கோ கால் தரையில் நிற்கவில்லை. வீட்டில் மிக்சி நின்றாலும் மின்விசிறி முனகினாலும் அவள்தான் திறந்து பார்ப்பாள். அப்பா அதைக் கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லியிருந்தார். மோட்டார் விஷயத்தையும் சொன்னார். போன வாரம் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, முகமெல்லாம் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்த ஒருவர், "இன்ஜினியரம்மா, எங்க வீட்டு மோட்டாரையும் வந்து பாரும்மா" என்றார்.

அப்படிப்பட்டவள்தான் ஓட்டையைத் தப்பான இடத்தில் போட்டாள்.

மோட்டாரிலிருந்து வருகிற கம்பி, கயாக்கின் பக்கவாட்டில் ஒரு ஓட்டை வழியாக வயிற்றுக்குள் நுழைந்து, இருக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் சுவிட்சுக்குப் போக வேண்டும். கட்டைவிரல் தடிமன் ஓட்டை. 'மேல் விளிம்பிலிருந்து இரண்டு விரல் கீழே' என்று நோட்டில் எழுதியும் வைத்திருந்தாள். மோட்டார் மாட்டும் தகட்டுக்கு அடியில் நட்டு முடுக்குவதற்காக அன்றைக்குக் கயாக்கை இரண்டு நாற்காலிமேல் கவிழ்த்துப் போட்டிருந்தாள். அப்படியே, கையோடு கையாக, மேல் விளிம்பிலிருந்து இரண்டு விரல் அளந்து, டிரில்லை வைத்து அழுத்தினாள். மஞ்சள் சுருள் சுருளாக வந்தது. ஓட்டை வட்டமாக, அழகாக விழுந்தது. அதன் அழகைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. கவிழ்ந்து கிடக்கிற படகுக்கு மேலே இருப்பது அடி. ஏரியில் இறக்கினால் அந்த ஓட்டை தண்ணீருக்குள் இருக்கும்.

ஷெட்டில் யாரும் இல்லை. பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் போட்டு மீந்த பசைக் குழாய் அலமாரியில் இருந்தது. ஓட்டை நிறையப் பிதுக்கி, விரலால் வழித்துவிட்டு, கையை மக்குத் தண்ணீரில் கழுவிக்கொண்டாள். மறுநாள் காய்ந்ததும் அதன்மேல் மோட்டார்ப் பெட்டியோடு வந்திருந்த மின்னல் ஸ்டிக்கரை ஒட்டினாள். கயாக்கை நிமிர்த்தி, சரியான இடத்தில் புது ஓட்டை போட்டு, கம்பியை இழுத்து, சுவிட்சை வைத்தாள். மோட்டார் சுற்றியது. அப்பா கைதட்டினார், ஒரு கை மட்டும் பாதி உயரத்தில்.

அப்போதே சொல்லியிருக்கலாம். கைதட்டுகிற மனிதரிடம் எப்படிச் சொல்வது?

இப்போது அவள் ஷெட்டில், கயாக்குக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மூளை அதுபாட்டுக்குப் படம் ஓட்டியது. மூன்று கிலோமீட்டர் உள்ளே. பசை கழல்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது. கயாக்கின் வயிற்றுக்குள் சத்தமில்லாமல் தண்ணீர் ஏறுகிறது. அப்பா தூண்டிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பின்பக்கம் கனத்து, படகு ஒருச்சாய்ந்து, ஒரு நொடியில் புரள்கிறது. லைஃப் ஜாக்கெட் போட்டிருப்பார், சரி. ஆனால் ஒரு கையை வைத்துக்கொண்டு, குளிர்ந்த தண்ணீரில்...

வாசல் கேட் கிறீச்சிட்டது. அம்மா.

அம்மாவுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரண்டாவது ஷிப்ட். வரும்போது பன்னிரண்டரை ஆகிவிடும். ஷெட்டில் விளக்கு எரிவதைப் பார்த்து நேராக இங்கேயே வந்தாள். தலையில் மாவு, கையில் உடைந்த பிஸ்கட் பொட்டலம்.

"என்னடி இது, பேய் மாதிரி உக்காந்திருக்கே? தூங்கல?"

"தூக்கம் வரல."

"உங்கப்பன்தான் நாளைக்கு மீன் பிடிக்கப் போறாரு. உனக்கென்ன தூக்கம் வராம?"

 அம்மா பொட்டலத்தைக் கயாக்மேல் வைத்துவிட்டு, முழங்காலில் கையை ஊன்றி மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள். எட்டு மணி நேரம் நின்ற கால். உட்காரும்போது மூட்டு சொடுக்கியது.

"சொல்லு. காதலா, பரீட்சையா?"

"ம்மா!"

"ரெண்டும் இல்லன்னா அதைவிடப் பெருசு. சொல்லு."

எங்கே தொடங்குவது என்று தெரியாமல் அவள் கடைசியிலிருந்து தொடங்கினாள். "காலையில அப்பா போகக்கூடாதும்மா." அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. ஓட்டை, கவிழ்த்துப் போட்டது, பசை, மக்கு, ஸ்டிக்கர், போனில் எழுதியிருந்த பத்துப் பேர். மூக்கு ஒழுகியது. இடையில் ஒருமுறை, "நான் அப்பாவைக் கொன்னிருப்பேம்மா" என்றாள். அதைச் சொன்னபோது அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

 அம்மா கேட்டு முடித்ததும் முந்தானையால் மகளின் மூக்கைத் துடைத்தாள். அவள் முகமெல்லாம் மாவு அப்பிக்கொண்டது.

"கழண்டுடும்னு நிச்சயமாத் தெரியுமா, இல்ல உன் பயமா?"

"மக்குல கழண்டுச்சே."

"மக்கு மக்குதான். இது படகு. எங்க தொழிற்சாலையில பை ஒழுகுதான்னு பாக்க ஒரே வழிதான். உள்ள தண்ணி ஊத்தி வெளிய பாரு. உள்ளருந்து வெளிய வந்தா, வெளியருந்து உள்ளயும் போகும். எழுந்திரு. பக்கெட்டை எடு."

"இப்பவா? நீ இப்பத்தானே வேலையிலேருந்து வந்தே?"

"பின்ன, உங்கப்பன் நடு ஏரிக்குப் போனப்புறமா?"

இருவரும் சத்தம் வராமல் வேலை செய்தார்கள். பின்பக்க மூடியைத் திருகித் திறந்து, ஒவ்வொரு பக்கெட்டாகக் கயாக்கின் வயிற்றுக்குள் ஊற்றினார்கள். ஐந்து பக்கெட். பிறகு கயாக்கை ஸ்டிக்கர் இருக்கிற பக்கமாகச் சாய்த்து, அடியில் செங்கல் வைத்தார்கள். உள்ளே தண்ணீர் சளக்கென்று இடம் மாறியது.

பார்த்தார்கள். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். ஸ்டிக்கர் காய்ந்தே இருந்தது. அம்மா ஒரு பிஸ்கட் துண்டை எடுத்துக் கடித்தாள்.

"பாத்தியா? நிக்குதுல்ல? சும்மா பயந்து..."

அம்மாவின் வாய் அப்படியே நின்றது. ஸ்டிக்கர் மெல்ல உப்பிக்கொண்டிருந்தது. வாய்நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்குகிறவர் கன்னம்போல அந்த மின்னல் பருத்தது. ஓரத்தில் ஒரு முத்து எட்டிப் பார்த்தது. அடுத்த கணம் ஸ்டிக்கர் கிழிந்து, பசை ஒரு பல் விழுகிற மாதிரி பொத்தென்று தரையில் விழ, கட்டைவிரல் தடிமனில் தண்ணீர் பீய்ச்சி அம்மாவின் புடவையை நனைத்தது.

"ஐயோ!" என்று அம்மா போட்ட சத்தத்தில் வீட்டுக்குள் விளக்கு எரிந்தது.

அப்பா வந்தார். திருடன் என்றே நினைத்திருக்க வேண்டும். இடது கையில் குடையை ஈட்டிபோலப் பிடித்திருந்தார். ஷெட்டு வாசலில் நின்று பார்த்தார். தரையெல்லாம் தண்ணீர், மாவும் கண்ணீருமாக மகள், நனைந்த புடவையும் கையில் பிஸ்கட்டுமாக மனைவி, நடுவில் பம்புசெட்டு மாதிரி ஊற்றிக்கொண்டிருக்கும் அவருடைய கயாக்.

"ராத்திரி ஒன்றரை மணிக்கு ரெண்டு பேரும் அதுக்குத் தலைக்குக் குளிப்பாட்டுறீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. அம்மா மகளைப் பார்த்தாள். 'நான் சொல்ல மாட்டேன், நீதான்' என்றது அந்தப் பார்வை.

"ப்பா." அவள் ஸ்டிக்கர் கிழிந்த இடத்தைக் காட்டினாள். "நான் ஒரு ஓட்டையைத் தப்பான இடத்துல போட்டுட்டேன். உங்ககிட்ட சொல்லாம மறைச்சுட்டேன்."

"தெரியும்" என்றார் அப்பா.



"தெரியுமா?"

"மறுநாளே பாத்தேன். ஸ்டிக்கரை யாராவது தண்ணிக்குள்ள முங்குற இடத்துல ஒட்டுவாங்களா? அதுவும் ஒரு பக்கம் மட்டும்?" குடையைச் சுவரில் சாய்த்தார். "இருபத்திரண்டு வருஷமாத் தலை பாக்குறேம்மா. எவன் முடியை எந்தப் பக்கம் இழுத்து வாரியிருக்கானோ, அந்தப் பக்கம்தான் சொட்டை. உக்காரும்போதே தெரிஞ்சுடும்."

"அப்ப ஏன்ப்பா கேக்கல?"

"எதுக்குக் கேக்கணும்? ஓட்டை போட்டது நீ, அடைச்சதும் நீ. சரியாத்தான் அடைச்சிருப்பேன்னு நெனச்சேன்."



"அப்போ... இந்த ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சே... காலையில..."

"போயிருப்பேன். நடு ஏரி வரைக்கும்" என்றார் அப்பா, கடைத்தெருவுக்குப் போவதைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

அவள் அழவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். வாயிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டபிறகுதான் தெரிந்தது. அப்பா பதறிப்போய் இரண்டு எட்டில் வந்தார். இடது கையால் அவள் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார்.

"இல்லடா, ஒண்ணும் ஆகலையே. ஏய், இங்க பாரு. நான் இங்கதானே நிக்கிறேன்."

இப்போது அம்மாவின் முறை. "உங்களுக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கா? அவ குழந்தை, பயந்து மறைச்சா. உங்களுக்கு என்ன கேடு? 'இது என்னம்மா ஸ்டிக்கர்'னு ஒரு வார்த்தை கேட்டா நாக்கு சுளுக்கிக்குமா? ஊரான் தலையில ஒரு பொடுகு இருந்தா அரைமணி நேரம் விசாரிக்கிற ஆளு!"

"கேட்டா அவ மூஞ்சி சுண்டிப்போயிடும்னு..."

"சுண்டட்டும்! நீங்க முங்கிப் போறதுக்கு அவ மூஞ்சி சுண்டுறது மேல்!"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். கடையில் எத்தனையோ தலைகளைக் குனிய வைத்தவர். "தப்புதான்" என்றார். பிறகு, தரையில் கிடந்த பசைக் கட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கும் உறைத்திருக்க வேண்டும்.   கையை மூடிக்கொண்டார்.

"நீ சொல்லலைன்னா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. "நல்லவேளை சொன்னே. ரொம்ப நல்லவேளைம்மா."

திட்டு வரும் என்று அவள் ஐந்து நாளாகத் தன்னைத் தயார் செய்து வைத்திருந்தாள். நன்றி சொல்வார் என்று யார் கண்டது? அதைத் தாங்கத்தான் அவளிடம் தயாராக ஒன்றும் இருக்கவில்லை.

அதற்கப்புறம் யாரும் தூங்கவில்லை. அம்மா டீ போட்டாள். உடைந்த பிஸ்கட்டைத் தொட்டுத் தின்றுகொண்டே மூன்று பேரும் ஷெட்டில் உட்கார்ந்து பேசினார்கள். அப்பா அவளிடம் கேள்வி கேட்டார், நோயாளி டாக்டரிடம் கேட்பதுபோல மரியாதையாக. எந்தப் பசையும் நிற்காதென்றால் என்னதான் வழி? இறுக்கிப் பிடிக்கிற ஏதாவது வேண்டும் என்றாள் அவள். வெளியே ஒரு ரப்பர் வளையம், உள்ளே ஒரு ரப்பர் வளையம், இரண்டுக்கும் அகலமான வாஷர், நடுவில் போல்ட்டு. ஒட்டவே வேண்டாம், அழுத்தினால் போதும். படம் போட்டுக் காட்டினாள். இந்தத் தடவை படத்தில் 'மேல்' எது 'கீழ்' எது என்று அம்பு போட்டாள். அதைப் பார்த்த அம்மாவுக்குச் சிரிப்பில் டீ புரையேறியது.

நாலரை மணிக்கு அப்பா ஸ்பேனர் மாமாவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார்.

"மாப்ள, இன்னிக்கு அஞ்சு மணிக்குப் போகல. பத்து மணிக்குப் போவோம்."

"பத்து மணிக்கு மீனு சாப்பிட்டுப் படுத்துடும்டா. ஏன், என்னாச்சு? உன் இன்ஜினியர் மோட்டாரைத் தலைகீழா மாட்டிட்டாளா?"

அவளுக்குக் காதெல்லாம் சூடானது. அப்பா அவளைப் பார்த்தார். "அதெல்லாம் இல்ல, எனக்குத்தான் தூக்கம்..." என்று தொடங்கினார். அவருக்குப் பொய் வராது. வாக்கியம் பாதியிலேயே நொண்டியது. தனக்காக நொண்டுகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

"மாமா, மோட்டாரு நேராத்தான் இருக்கு. நான் கயாக்கைத்தான் தலைகீழாப் போட்டு ஓட்டை போட்டுட்டேன்."

 அந்தப் பக்கம் வெடித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. அவள் அதையும் கேட்டுக்கொண்டு நின்றாள். சிரிப்பு நின்றதும் மாமா குரல் மாறியது.

"எவ்வளவு பெரிய ஓட்டைம்மா?"

"கட்டைவிரல் தடிமன்."

"அடியிலயா, பக்கத்துலயா?"

"பக்கத்துல. அடிக்கு ரெண்டு விரல் மேல."

"அங்க பசை நிக்காது."

"நிக்கல. பாத்துட்டோம். போல்ட்டும் அகல வாஷரும் வேணும் மாமா. ரெண்டு ரப்பரும்."

"எல்லாம் கடையில கெடக்கு. ஆறு மணிக்கு வரேன். உங்கம்மாவை டீ போட்டு வைக்கச் சொல்லு." வைக்கப் போனவர் நிறுத்தினார். "ஏய், நான் ஒருத்தரோட காரை பிரேக் ஆயில் ஊத்தாம வெளிய அனுப்பினவன். உங்கப்பாகிட்ட கேளு. தெருமுனை வரைக்கும் ஓடிப்போய்ப் பிடிச்சேன், லுங்கியோட."

"லுங்கி கூடவா வந்துச்சு? பாதியிலேயே நின்னுடுச்சு" என்றார் அப்பா. கடையில் வாய் ஓயாமல் பேசிய காலத்தில் அவர் போடுகிற மாதிரிக் கிண்டல் அது. அம்மா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

ஆறு மணிக்கு வந்த ஸ்பேனர் மாமா வேலையில் கை வைக்கவில்லை. டப்பாவை அவள் முன்னால் வைத்துவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மூடி வழியாக உள்ளே கையை விட்டு நட்டைப் பிடிக்க வேண்டும். அவர் கையும் அப்பா கையும் முழங்கைக்கு மேல் போகாது. அவள் கை தோள்வரை போனது. கன்னத்தைக் கயாக்கில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தடவித் தடவி நட்டைப் போல்ட்டில் ஏற்றினாள். வெளியே அப்பா இடது கையால் ஸ்பேனரைப் பிடித்துப் போல்ட்டைத் திருகினார். ரப்பர் பிதுங்கி வட்டமாக உட்கார்ந்தது.

மறுபடி ஐந்து பக்கெட். மறுபடி செங்கல். இந்தத் தடவை ஒரு மணி நேரம் என்று அவள் சொல்லிவிட்டாள். அம்மா கயாக்குக்கு எதிரே நாற்காலி போட்டு, "நான் பாத்துக்கிறேன், நீ போய் மூஞ்சியைக் கழுவு" என்றாள். அவள் கழுவிக்கொண்டு வந்தபோது அம்மா உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தாள். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, முடியில் இன்னும் மாவு. ஒரு கை மட்டும் நீண்டு, போல்ட்டுக்கு அடியில் உள்ளங்கையை ஏந்தியபடி இருந்தது. சொட்டினால் தெரியட்டும் என்று வைத்திருக்கிறாள்.

அந்த உள்ளங்கை காய்ந்திருந்தது. அவள் போர்வையை எடுத்துவந்து அம்மாவுக்குப் போர்த்தினாள்.

பத்து மணி வெயிலில் ஏரி தகடு மாதிரி மின்னியது. மீனுக்கும் தூக்கம், கரையில் நாய்க்கும் தூக்கம். ஸ்பேனர் மாமா தன் கயாக்கில் ஏற்கெனவே இருபது அடி தள்ளி மிதந்துகொண்டிருந்தார். அப்பா லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டார். வலது கைக்கு அவள் உதவினாள். துடுப்பையும் கட்டி வைத்தாள். எதற்கும் இருக்கட்டும்.

"நேரா உள்ள போகக்கூடாது" என்றாள். "அந்த மரம் வரைக்கும் போய்ட்டு இங்க வரணும். நான் பாத்துட்டு அப்புறம்தான்."

"சரிங்க மேடம்."

அப்பா சுவிட்சைத் திருப்பினார். மோட்டார், கடையில் முடி வெட்டுகிற மெஷின் மாதிரி மெல்ல முனகியது. கயாக் கரையை விட்டு நகர்ந்தது. துடுப்பில்லாமல், ஆட்டமில்லாமல், யாரோ கீழேயிருந்து கையில் ஏந்திக் கொண்டுபோவதுபோலப் போனது. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. அவர் முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகு எட்டு மாதமாகக் கூனியிருந்தது என்பது, அது நிமிர்ந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

மரத்தைச் சுற்றித் திரும்பி வந்தார். முகம் கண்ணாடி முன்னால் உட்கார்ந்த மாப்பிள்ளை முகம் மாதிரி இருந்தது. "தோள் வலிக்கவே இல்லம்மா! ஒண்ணுமே செய்யல நான், சும்மா உக்காந்திருக்கேன், அது போகுது!"

"இருங்க, இருங்க. நகராதீங்க."

அவள் முழங்கால் தண்ணீரில் இறங்கி, பின்பக்க மூடியைத் திருகித் திறந்து, கையைத் தோள்வரை உள்ளே விட்டாள். முதலில் போல்ட்டைத் தடவினாள். ரப்பரைச் சுற்றி ஒரு வட்டம். பிறகு அடி. பிறகு மூலை. காய்ந்திருந்தது. மறுபடி முதலிலிருந்து தடவினாள். தண்ணீருக்கும் அவள் விரலுக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருந்தது, அந்தப் பக்கத்தின் குளிர்ச்சிகூடத் தெரிந்தது, ஆனால் இந்தப் பக்கம் காய்ந்துதான் இருந்தது.

வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் அவள் கையை எடுக்கவில்லை. எடுத்தால் முகத்தை நிமிர்த்த வேண்டும்.

"என்னடா, உள்ள மீன் ஏதாவது இருக்கா?" என்றார் அப்பா.

"இல்லப்பா."

"தண்ணி?"

"ஒண்ணுமே இல்லப்பா."

"டேய், இன்ஜினியர் பொண்ணு கையெழுத்துப் போட்டாச்சா இல்லையா?" என்று ஸ்பேனர் மாமா அங்கிருந்து கத்தினார். "இருக்கிற ஒரு மீனும் படுத்துடும்!"

அவள் மூடியை இறுக்கித் திருகினாள். ஒருமுறை, இன்னொருமுறை. பிறகு இரண்டு கையையும் கயாக்கின் வாலில் வைத்து, மோட்டார் இருக்கும்போது அதற்குத் தேவையே இல்லை என்று தெரிந்தும், அப்பாவை ஏரிக்குள் தள்ளிவிட்டாள்.